பிரிண்டருக்கு முளைத்த கொம்பு

ஃபூரியர் தொடரை வருடக்கணக்கில் பாடம் நடத்தியவன், அதன் படத்தை முதல்முறை பார்த்ததும் பிரிண்டர் ரிப்பேர் என்று கம்ப்ளெயிண்ட் கொடுத்தான். அந்தப் புத்திசாலி நான்தான்.

2007. சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் கணக்கு லெக்சரர். தினம் கடலூரிலிருந்து பஸ். என்னிடம் எம்.ஃபில். செய்த அமலா புவனகிரிப் பெண். இது நடந்ததற்கு மறுநாள் அவளுக்கு வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. தேறினால்தான் கடலூரில் பேசி வைத்திருந்த வேலை.

சதுரமாக ஏறி இறங்கும் ஒரு சார்பை, ஃபூரியர் தொடர்படி சைன் அலைகளைக் கூட்டிக் கம்ப்யூட்டரில் வரைந்து, பிரிண்ட் எடுத்து வந்திருந்தாள். அது தாவும் இடத்தில் மட்டும் கோடு எகிறிக் கொம்பு மாதிரி நின்றது.

“டெர்ம்ஸ் ஜாஸ்தி பண்ணும்மா, இன்னும் நாலு அலை சேத்தா அடங்கிடும்.”

“பண்ணிட்டேன் சார். கொம்பு ஒல்லியாவுது, குட்டையாவ மாட்டேங்குது.”

என் பாடத்தில் தப்பு இருக்க முடியாது. ஆகவே பிரிண்டர். சர்வீஸ்காரர் சேகர் வந்து டெஸ்ட் பேஜ் எடுத்தார். பிறகு மானிட்டரை என் பக்கம் திருப்பினார்.

“சார், ஸ்கிரீன்லயே கொம்பு இருக்கே! பிரிண்டர் பாவம், குடுத்ததப் போடுது.”

அமலாவின் முகம் வாடிவிட்டது. “அப்ப என் ப்ரோக்ராம்தான் தப்பா சார்? நாளைக்கு கேட்டா என்னன்னு சொல்றது?”

சாயங்காலம் கடலூர் பஸ் ஏறினேன். ஆலப்பாக்கம் தாண்டும்போதுதான் உறைத்தது. தொடரை ஓர் இடத்தில் நிறுத்திக் கூட்டுவது, டிரிக்லே கெர்னல் என்ற சார்பை எடையாக வைத்துச் சராசரி எடுப்பதுதான். அந்த எடை சில இடங்களில் மைனஸுக்குப் போகும். அதனால் விடை எல்லை மீறும். ஒவ்வோர் இடத்திலும் நிறுத்திக் கிடைக்கும் கூட்டல்களையே மறுபடி சராசரி எடுத்தால், எடையாக ஃபேயர் கெர்னல் வரும். அது மைனஸுக்கே போகாது, கொம்புக்கு வேலையில்லை. இதை வருடா வருடம் போர்டில் நிரூபித்தவன், ஒருமுறையும் வரைந்து பார்த்ததில்லை.

பஸ்ஸிலிருந்தே போன் போட்டேன். “ப்ரோக்ராம் சரிதாம்மா. கொம்ப அழிச்சிடாத. பக்கத்துலயே சராசரி எடுத்து இன்னொரு படம் போடு.”

மறுநாள் வெளித் தேர்வாளர் நேராகக் கொம்பில் விரலை வைத்தார். “இது என்னம்மா, பிழையா?”

“இல்ல சார், கெர்னல் மைனஸுக்குப் போறதால வர்றது. சராசரி எடுத்தா, இதோ, போயிடுச்சு. ஆனா மூலை மழுங்கிடும். கூர்மையும் வேணும், கொம்பும் கூடாதுன்னா நடக்காது சார்.”

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அமலாவுக்கு வேலை கிடைத்தது. புதிதாகப் பாடம் எடுக்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நிரூபித்ததை ஒருமுறையாவது வரைந்து பாருங்கள்.

அந்த வாரமே சேகர் போன் செய்தார்.

“கொம்பு போச்சா சார்?”

டிரிக்லே, ஃபேயர் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

“சரி சார். பிரிண்டர்ல கோளாறு இல்லன்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்க. நான் வேலைய முடிக்காம வந்துட்டேன்னு மேனேஜர் கத்துறாரு.”