ஈயம் காயாத போர்டு

நம்பாதவர்கள் பதுளை பஜாரில் என் கடைக்கு வந்து கேட்கலாம். இது நடந்தது. பேய் என்று யாராவது பேச்செடுத்தாலே எரிந்து விழுகிற ஆள் நான். இப்போதெல்லாம் வாயைத் திறப்பதில்லை.

பழைய கம்ப்யூட்டர் போர்டுகளைப் பார்த்து, அவை எங்கே, எப்போது செய்தவை என்று சொல்வது என் தொழில்.

ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மண் சரிந்த மூன்றாம் நாள், நிஷாந்தினி வந்தாள். அவள் கணவன் விஜேந்திரன் தோட்டங்களில் கம்ப்யூட்டர் திருத்துகிறவன். சரிவில் பெரிய ஆபீசும் புதைந்தது, தேயிலைத் தொழிற்சாலையும் புதைந்தது. அவன் எதற்குள் இருந்தான் என்று தெரியவில்லை. அவனைக் கூப்பிட்ட கிளாக்கரும் மண்ணுக்குள்ளே. ஆபீஸ் பக்கம்தான் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒரு போர்டை நீட்டினாள்.

"மண் சரியிறதுக்கு முதல் நாள் அங்கருந்து கழட்டிட்டு வந்தாருங்க. மறுநாள் மிச்சத்தத் திருத்தப் போனாரு. இது ஆபீஸ் மெஷினா, பெக்டரி மெஷினா? சொல்லுங்க நானா."

"இரு தங்கச்சி." முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

மாலை நான்கரை. சிப்பின் மேல் மலேசியா, 1987 என்று இருந்தது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு இடத்துக்கும் ஒரே வகையைத்தான் வாங்கியிருப்பார்கள்.

திருப்பினேன். எதிலும் மாட்டாத போர்டு... சூடாக இருந்தது.

சிப்பின் கால்களைப் போர்டில் ஒட்டிய பழைய ஈயம் மங்கிப்போயிருக்கும். இதில் ஒரு காலில் மட்டும் ஈயம் பளபளத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்துக் காலிலும் உருகியது.

ஸ்ஸ்ஸ்...

புகை வாசனை. அடுத்த கால்.

ஸ்ஸ்ஸ்...

"நானா, இது அவரா?"

 சிப்பை நெம்பினேன். அடியில் பழுப்புத் தூள். முகர்ந்தேன். தேயிலைத் தூசி!

"பெக்டரி! பெக்டரியத் தோண்டச் சொல்லு!"

அவள் போனில் கத்தினாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

ஸ்ஸ்...

வெகுநேரம் கழித்து இன்னொன்று. மெதுவாக.

ஸ்...

பிறகு இல்லை.

போர்டு என் கையிலேயே குளிர்ந்தது. மணி ஐந்து பத்து.

இரவு, தொழிற்சாலை மேசைக்கு அடியிலிருந்து அவனை எடுத்தார்கள். உயிர் இல்லை. மூன்று நாளும் உயிரோடுதான் இருந்திருக்கிறான், மாலை ஐந்து மணி வாக்கில்தான் போயிருக்கிறது என்றார் டாக்டர்.

நிஷாந்தினி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "நேத்தே ஒங்ககிட்ட வந்திருந்தா?"



அவன் கையில் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற கரண்ட் அயன் இருந்ததாம். விரல்களில் புதிதாகச் சுட்ட கொப்புளங்கள்.

மண் சரிந்த நிமிடத்திலிருந்து அந்தத் தோட்டத்தில் கரண்ட் இல்லை.