நம்பர்படி கட்டில்

எழுபதுகளின் கடைசியில் சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில், ஆண்கள் சர்ஜிக்கல் வார்டில் நான் நர்ஸ். அரிவாள் வெட்டு எங்களுக்குப் புதிதல்ல. வரப்புக்கும் வாய்க்காலுக்கும் மண்டையை உடைத்துக்கொண்டு வாரம் தவறாமல் வருவார்கள். ஒரே சண்டையில் அடிபட்ட இரண்டு கட்சிக்காரர்களை வார்டின் இரண்டு கோடியில் போடுவோம். நடுவில் குடலிறக்கம், மூலம் என்று வந்த சாதுக்கள். எந்த ரூல் புத்தகத்திலும் இல்லாத வழக்கம் இது. யாருக்கு யார் பகை என்று காயம் துடைக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.

புதிதாக வந்த சூப்பரின்டெண்ட் எங்கள் நோட்டுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, அச்சடித்த பெரிய ரிஜிஸ்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். வருகிறவருக்கு வரிசையில் அடுத்த காலிக் கட்டில். அந்த நம்பர்தான் கேஸ் ஷீட்டுக்கும் மருந்துக்கும். கட்டில் மாற்றினால் மெமோ. பொய் சொல்லக் கூடாது, ஊசி ஆள் மாறிப் போவது அதோடு நின்றது.

ஒரு மத்தியானம் காணிப்பாக்கம் பக்கத்திலிருந்து இரண்டு பேர் அடுத்தடுத்து வந்தார்கள். முதல் ஆளுக்குத் தோளில் வெட்டு. அவனை வெட்டிய பையனுக்கு இருபது வயதிருக்கும். பதிலுக்கு வயிற்றில் குத்து வாங்கியிருந்தான். ஆழமில்லை, தையல் போட்டோம். ரிஜிஸ்டர்படி இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

"சிஸ்டரம்மா, இவன் என்னை வுடமாட்டான். அங்க காலியாத்தானே கீது, என்னை அங்க போட்டுடுங்க," என்றான் பையன்.

ஹெட் சிஸ்டரிடம் ஓடினேன். "நம்பர் ஏறிப்போச்சு. மாத்தினா உனக்கும் மெமோ, எனக்கும் மெமோ. சாயங்காலம் டாக்டர் வந்தா கேட்டுக்கலாம், போ," என்றார். ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியவள் நான். பயந்தேன். "செத்த நேரம் பொறுத்துக்கினு இரு தம்பி," என்று சொல்லிவிட்டு, வார்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ரிஜிஸ்டரின் கட்டங்களை நிரப்பினேன். காவலுக்கு வந்த கான்ஸ்டபிள் டீ குடிக்கப் போயிருந்தார்.

இரும்புச் சத்தம் கேட்டுத் திரும்பினேன். தோளில் கட்டுப் போட்டவன் குளுக்கோஸ் ஸ்டாண்டை ஒற்றைக் கையால் தூக்கிப் பையன் வயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தான். பாட்டில் நொறுங்கியது. நான் குறுக்கே விழுந்தேன். ஓர் அடி என் முதுகில் விழுந்தது. வார்டு பாய் ஓடிவந்தார். அவரும் நானும் அவனைக் கீழே தள்ளி, அவன் மேல் உட்கார்ந்தோம். அவன் என் கையைக் கடித்தான். நானும் அவனை அறைந்தேன், கை ஓயும்வரை அறைந்தேன். அதற்குள் பையனின் தையல் பிரிந்து மெத்தையெல்லாம் ரத்தம். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிற வழியிலேயே போய்விட்டான்.

சூப்பரின்டெண்ட் வந்ததும் ரிஜிஸ்டரைத்தான் கேட்டார். விரல் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார்.

"எல்லாம் கரெக்டா இருக்கு, சிஸ்டர். கடைசிக் கட்டம் மட்டும் பாக்கி. எழுதிடுங்க," என்றார்.

பையனின் நம்பருக்கு நேராக 'இறப்பு' என்று எழுதி, மணியும் போட்டு, கையெழுத்து வைத்தேன். மெமோ வராது என்று தெரிந்ததும் மனசு லேசானது. அந்த ஒரு நிமிஷத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.