பீமாராவ் சாரின் டீ ஆறும் நேரம்

டீயில் ஆடை கட்டிவிட்டது. பீமாராவ் சார் வழக்கம்போல இன்னும் வாய் வைக்கவில்லை. சுண்டுவிரலால் கிளாசைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பொறுங்கண்ணே, சமநிலை வரட்டும்" என்கிறார். கேன்டீன் சோணைக்கு வயிறு எரியும்.

"இதுக்கு அடுப்பே பத்த வைக்காமக் குடுத்திருப்பேனே சார்!"

"அது எப்படிண்ணே? சூடு இருந்தாத்தான ஆறும்?"

நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் கல்லூரியில் அவர் வெப்ப இயற்பியல் நடத்துகிறார். பல வருடமாகக் கெஸ்ட் லெக்சரர். கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. தொண்டையைச் செருமினால், மார்கழிக் காலையில் உதைபடும் பழைய டிவிஎஸ் வண்டி. பாடம் சூடேறினால் மாட்டுத்தாவணி கண்டக்டர்: "உள்ள போ, உள்ள போ! அம்புட்டு எடம் கெடக்கு, மூலக்கூறு எதுக்குப் படியில தொங்குது?"

இன்று நிரந்தர வேலைக்குத் தேர்வு. கல்லூரிச் செயலர் முன்னிலையில், எங்கள் வகுப்பிலேயே மாதிரிப் பாடம். தலைப்பு என்ட்ரோபி, அதாவது ஒழுங்கின்மையின் அளவு.

"அந்த பெஞ்சு உதாரணம் மட்டும் வேணாம் சார். செயலர் பெரிசு முன்னாடியே உக்காந்திருக்கும்" என்று எங்கள் வகுப்புப் பாண்டிமீனா காலையிலேயே எச்சரித்தாள். சாரும் தலையாட்டினார். சாக்பீஸ் கைக்கு வந்ததும் மறந்தார்.

"இந்த ரூமையே பாருங்க. பயலுக இந்தப் பக்கம், பிள்ளைக அந்தப் பக்கம். இதுக்கு ஒரே அமைப்புதான். கலந்து உக்கார எம்புட்டு அமைப்பு? கோடி கோடி! தன்னால விட்டா கலந்துதான் உக்காருவாக. பிரிச்சே வைக்கணும்னா வெளியிலருந்து ஒரு ஆளு ஓயாம வேலை பாக்கணும்!"

பின்வரிசை விசிலடித்தது. செயலர் சிரிக்கவில்லை. பிரித்து உட்கார வைத்த சட்டமே அவருடையது.

"அப்ப, கலந்து உக்கார வைக்கணும்கிறீகளா தம்பி?"

'சும்மா ஒரு உதாரணங்கய்யா' என்றிருந்தால் வேலை நிச்சயம். பாண்டிமீனா அதையே வாயசைத்துக் காட்டினாள். சாரின் தொண்டையில் டிவிஎஸ் இரண்டு உதை வாங்கியது.

"நான் சொல்லலைங்கய்யா. விட்டா அப்படித்தான் ஆகும்."

இப்போது மூடிய கதவுக்கு உள்ளே முடிவு பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே வராந்தாவில் சார். சோணை ஆவி பறக்க ஒரு டீயைக் கொண்டுவந்து ஜன்னல் திட்டில் வைத்தார்.

"ஆறட்டும் சார். பெறகு வந்து கிளாசை எடுத்துக்கிறேன்."

உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம். சார் கிளாசை எடுத்தார். கதவைப் பார்த்தபடியே ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிளம்பத் திரும்பிய சோணையிடம் வெறும் கிளாசை நீட்டினார்.