வலையில் ஆமை இல்லை என்று எழுதிய ஆண்டு

இந்து சமுத்திரத்தைச் சுற்றியிருக்கிற நாடுகள் பல சேர்ந்து, கடலாமைகளைக் காப்பாற்றுவோம் என்று ஓர் இணக்கப்பாட்டில் கையெழுத்து வைத்திருக்கின்றன. எங்கள் நாடும் வைத்திருக்கிறது. வைத்த கையெழுத்துக்கு இதுவரை என்ன செய்தோம் என்று சில ஆண்டுகளுக்கு ஒரு தடவை அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கையை அந்தந்த நாடே எழுதும். எவ்வளவு செய்தோம் என்று புள்ளி போட்டுக்கொள்வதும் அந்தந்த நாடுதான். வினாத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் எழுதி, திருத்தியும் கொண்டுவருகிற பரீட்சை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயிலாகிற ஆளைப் பார்ப்பது அரிது.

புத்தளம் மாவட்டத்தின் தமிழ் பேசுகிற கரைகளில் போய்க் கேட்டு, அந்த அறிக்கைக்கான படிவத்தை ஆண்டுதோறும் நிரப்புவது என் வேலையாக இருந்தது. நான் வன்னியிலிருந்து சிறு வயதில் குடும்பத்தோடு வந்து சிலாபத்தில் தங்கிவிட்டவள். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் வாயில் வரும். அந்தத் தகுதிக்காகத்தான் அரச அலுவலகத்தில் என்னை எடுத்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆமையை அதற்கு முன் நான் கிட்ட நின்று பார்த்ததுகூட இல்லை.

படிவங்களில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. வெற்றுக் கட்டத்தைக் கண்டால் கை துறுதுறுக்கும். பொய்யாக நிரப்பிய கட்டத்தைக் கண்டால் கோபம் வரும். அலுமாரியில் கிடந்த பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தபோது அந்தக் கோபம்தான் வந்தது. 'தற்செயலாக வலையில் சிக்கிய ஆமைகள்' என்ற கட்டத்தில் கற்பிட்டிப் பக்கக் கரைகள் எல்லாவற்றுக்கும் பூச்சியம். எல்லா ஆண்டும் பூச்சியம். நூற்றுக்கணக்கான போட்டுகள் கடலில் வலை விரிக்கிற இடத்தில், ஓர் ஆமைகூட வழி தவறி வந்து மாட்டவில்லையாம். எனக்கு முன்னால் இருந்தவர் கதிரையை விட்டு எழும்பியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு நான் செய்த அநியாயம் அது.

நான் எழும்பினேன். பாலாவிச் சந்தியில் பஸ் மாறி, கரை கரையாகப் போனேன். மீன்வாடிகளில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்தேன். அலுவலகம் சிங்களத்தில் எழுதிய அறிவித்தலைத் தமிழில் ஆக்கினேன். ஆமை சிக்கினால் தெரிவியுங்கள், முக்கியமாகக் கையில் உலோகத் தகடு பூட்டிய ஆமை சிக்கினால் தெரிவியுங்கள் என்பது அதன் சாரம். பிற நாடுகளில் ஆமை முட்டையிட வரும்போது இப்படி இலக்கமிட்ட தகடு பூட்டி விடுவார்கள். அது எந்தக் கடலில் போய் மறுபடி அகப்படுகிறது என்று ஒருவருக்கொருவர் அறிவிப்பதும் இணக்கப்பாட்டில் ஏற்ற கடமைகளில் ஒன்று. பள்ளிவாசலில் ஜும்மாவுக்குப் பிறகு அறிவித்தலை வாசித்தார்கள். பிறகு மீனவர் சங்கக் கூட்டத்திலும் நான் நின்று பேசினேன். ஒருவர் எழும்பி, "செத்த ஆமை எண்டா எங்களத்தானே பிடிப்பாங்க மிஸ்?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் பிடிக்க மாட்டினம். பயப்பட வேண்டாம், நான் பொறுப்பு" என்றேன்.

இதைச் சொல்லும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லலாமா என்று நானும் யாரையும் கேட்கவில்லை. கட்டம் நிரம்ப வேண்டும் என்ற ஆசையில் வாயில் வந்தது.

அந்தக் கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இது. நாற்பத்தைந்து வயதிருக்கும். சொந்தமாக ஒரு போட், ஒரு எஞ்சின். சங்கத்தில் பொருள் பொறுப்பு அவருக்கு. கடலில் கண்டெடுக்கிற பொருள்களுக்குப் பொறுப்பு என்று அர்த்தம். அந்தக் கரையில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. அறுந்து போன வலையோ, மிதந்து வந்த எஞ்சினோ, ஆளில்லாத தோணியோ, எது கடலில் கிடைத்தாலும் கிடைத்தபடியே கரைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு முடிச்சு அவிழ்க்கக் கூடாது, ஒரு ஆணி கழற்றக் கூடாது, சேறுகூடக் கழுவக் கூடாது. இரண்டு பேர் சாட்சிக்கு வர, பொறுப்பான ஆளின் கையில் கொடுக்க வேண்டும். கழற்றினவன் கள்ளன், அவ்வளவுதான். இதனால் அந்தக் கரையில் பொருள் தொலைத்தவர்கள் சண்டை பிடித்து நான் கண்டதில்லை.

கடல் அமைதியாக இருக்கிற ஆறு மாதம் தொடங்கி மூன்றாவது கிழமை இருக்கும். காலை எட்டு மணிக்கு அவர் தொலைபேசியில் கோல் எடுத்தார்.

"மிஸ், வலையில ஒரு ஆமை. செத்துப் போச்சி. கையில தகடு ஒண்டு இரிக்கி, இங்கிலீசில எழுதி."

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. செத்த ஆமைக்குச் சந்தோசப்பட்டவள் என்று இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. "இலக்கத்தை வாசிச்சுச் சொல்லுங்கோ நானா" என்றேன். அந்தக் கரையில் அண்ணனை நானா என்பார்கள்.

"பாசி பிடிச்சிரிக்கி மிஸ். சுரண்டினாத்தான் தெரியும். நாங்க கை வெக்கல்ல. அப்படியே கொண்டுவாறன், ரெண்டு பேர் சாட்சிக்கு வாறாங்க."

பாசியைச் சுரண்டி இலக்கத்தைச் சொன்னாலே போதும் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தால் இன்னும் நல்லம். அவருக்கு அது கண்டெடுத்த பொருள், கழற்றக் கூடாது. எனக்கு அது நிரம்பப் போகிற கட்டம். "ஓம், கொண்டு வாங்கோ" என்றேன்.

ஒரு திரீவீலரின் பின் இருக்கையில் ஆமையை வைத்து, மேலே ஈரச் சாக்கு போட்டு, சாட்சிக்காரர் இருவர் இரண்டு பக்கமும் நெருக்கி உட்கார, அவர் சாரதிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து வந்திருக்கிறார். ஒளிப்பதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. வழியில் சோதனைச் சாவடியில் நிறுத்தியபோது அவரே இறங்கிச் சாக்கைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். ஒப்படைக்கக் கொண்டுபோகிறேன் என்று எனது பெயரையும் சொல்லியிருக்கிறார்.

சட்டம் சுருக்கமானது. கடலாமையையோ அதன் பாகத்தையோ உயிரோடோ செத்தோ வைத்திருப்பதும் கொண்டுபோவதும் குற்றம். ஆமையை எதற்காகக் கொண்டுபோகிறாய் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. அவரைப் பிடித்தார்கள். சாட்சிக்காரர்களை வாக்குமூலம் எடுத்து விட்டார்கள். கரையில் நின்ற போட்டும் எஞ்சினும் வலையும் வழக்குப் பொருளாகிவிட்டன.

எனது மேலதிகாரியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நான் அறைக்குள் போய்ச் சொன்ன உடனே தொலைபேசியைக் கையில் எடுத்தார். பொலிஸோடு இரண்டு தடவை கதைத்தார். புத்தகத்தில் பதிந்த பிறகு அழிக்க முடியாது என்று அங்கே சொன்னார்கள். பிறகு நான், அந்த மீனவர் எங்கள் அறிவித்தலைக் கேட்டுத்தான் கொண்டுவந்தார் என்று நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் தரலாமா என்று கேட்டேன். மேலதிகாரி சிங்களத்தில் பொறுமையாகக் கேட்டார்.

"அறிவித்தலில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறதா?"

"இல்லை சேர். தெரிவிக்கச் சொல்லித்தான் இருக்கிறது."

"கொண்டுவரச் சொன்னது யார்?"

"நான். தொலைபேசியில்."

"கடிதம் என்றால் கொழும்புக்கு அனுப்பி அனுமதி எடுக்க வேண்டும். அனுமதி வராது. ஆமையைப் பாதுகாக்கக் கையெழுத்து வைத்த நாட்டின் அலுவலகம், ஆமையைக் கொண்டுபோகச் சொன்னது என்று தானே எழுதிக் கொடுக்குமா? நீ தனியாகப் போய்ச் சாட்சி சொன்னால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் உன் நிரந்தர நியமனக் கடிதம் இன்னும் வரவில்லை என்பதை யோசித்துக்கொள்" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. மழை வரப் போகிறது, குடையை எடு என்கிற குரலில் சொன்னார்.

பிணையில் வந்த பிறகு அந்த நானா என்னைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் வேப்பமரத்துக்குக் கீழ் நின்றார். சண்டை பிடிப்பார் என்று பயந்துதான் போனேன்.

"மிஸ், வக்கீல் சொல்றார், குற்றத்த ஒப்புக்கொண்டா அண்டைக்கே போட் கையில வருமாம். பேசினா இழுபடுமாம், கடல் காலம் முடிஞ்சிடும். ஆனா நான் ஆமை பிடிச்சன் எண்டு கோட்டில ஒத்துக்கொண்டா, நாளைக்கு சங்கத்தில ஆரு ஏண்ட கையில பொருள் தருவாங்க? நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா, வக்கீல் பேசுறன் எண்டுறார்."

அவர் கேட்டது அவ்வளவுதான். ஒரு வார்த்தை.

"வாறன் நானா" என்றேன். அன்றைக்கு அதை மனதாரத்தான் சொன்னேன்.

வழக்கு நாளன்று போனேன். சிலாபத்திலிருந்து காலை பஸ்ஸில், மதுரங்குளி தாண்டும்வரை என்ன சொல்ல வேண்டும் என்று வசனம் வசனமாக மனதுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். நீதிமன்றத்தில் பின் வாங்கில் இடம் கிடைத்தது. அவர் முன்னால் வெள்ளைச் சேட்டும் தொப்பியுமாக நின்றார். மனைவி மூன்று வாங்கு தள்ளி இருந்தார். வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் பார்த்தது என்னைத்தான், அதில் தவறாக விளங்கிக்கொள்ள ஒன்றுமில்லை. நான் தலையை ஆட்டினால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

நான் கைப்பையின் சிப்பைத் திறந்து எதையோ தேடினேன்.

வக்கீல் குனிந்து நானாவின் காதில் ஏதோ சொன்னார். குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்கப்பட்டது. குற்றவாளி என்றார் அவர். குரல் தெளிவாக இருந்தது. தண்டம் விதித்தார்கள், போட்டை விடுவித்தார்கள். ஆமையின் உடலைப் புதைக்கும்படியும் தகட்டை எங்கள் அலுவலகத்துக்குக் கொடுக்கும்படியும் உத்தரவானது. எல்லாமாகப் பத்து நிமிடம் பிடித்திருக்காது. நான் பின்கதவால் வெளியே வந்து, அவர்கள் கண்ணில் படாமல் பஸ் ஏறினேன். வழி முழுக்க எனக்கு என்னைப் பிடிக்கவில்லை.

தகட்டின் பாசியைச் சுரண்டியவள் நான்தான். இலக்கத்தை அதில் இருந்த முகவரிக்கு அனுப்பினேன். அது ஒரு சிறு தீவு நாடு. இரண்டே நாளில் மின்னஞ்சல் வந்தது. அவ்வளவு சந்தோசமான அரச கடிதத்தை நான் வாசித்ததில்லை. அவர்கள் பூட்டிய தகடு இவ்வளவு தூரத்தில் கிடைத்தது பெரிய விசயமாம், எங்கள் நாட்டின் ஒத்துழைப்புக்கு நன்றியாம். கண்டெடுத்த மீனவரின் பெயரைக் கேட்டிருந்தார்கள். கொடுத்தேன். ஒரு மாதத்தில் தடித்த உறையில் அவருக்கு நன்றிப் பத்திரம் வந்தது. ஆமைப் படமும் முத்திரையும் போட்டு.

அறிக்கை எழுதுகிற காலமும் வந்தது. அந்த ஓர் ஆமை மூன்று கட்டங்களை நிரப்பியது. சிக்கிய ஆமை: ஒன்று. திருப்பி அறிவித்த தகடு: ஒன்று. சட்டத்தை நடைமுறைப்படுத்தல், குற்றவாளியாகக் காணப்பட்டோர்: ஒன்று. மூன்றையும் எனது கையால்தான் எழுதினேன். மூன்றும் உண்மை. எங்கள் மாவட்டம் நல்ல புள்ளி எடுத்தது. கொழும்பிலிருந்து மேலதிகாரிக்குப் பாராட்டு வந்தது, எனக்கு நிரந்தர நியமனம் வந்தது.

நன்றிப் பத்திரத்தை அலுமாரியில் வைத்துவிட்டேன். கொண்டுபோய்க் கொடுக்கத் தைரியம் வர அடுத்த கடல் காலம் ஆயிற்று. அடுத்த படிவத்துக்கு விபரம் எடுக்கவும் போக வேண்டியிருந்தது; உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் போனேன்.

அவர் வாடியில் தனியாக உட்கார்ந்து, கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். சங்கத்தில் பொருள் பொறுப்பு வேறொருவருக்குப் போய்விட்டது என்று வழியில் கேள்விப்பட்டிருந்தேன். என்னைக் கண்டதும் எழும்பி, கதிரையைத் துடைத்துப் போட்டார். உள்ளே திரும்பி பிளேன்டீக்குச் சொன்னார். பத்திரத்தைக் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். படத்திலிருந்த ஆமையை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இத வீட்ட வெக்கேலுமா மிஸ்? இல்லாட்டி இதுக்கும் பிடிப்பாங்களா?"

சிரிக்கிறாரா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டார். வைக்கலாம் என்று சொன்னேன். அவர் அதை உறைக்குள் போட்டு, நான் இருந்த கதிரையின் ஓரத்தில் வைத்தார். "நீங்களே வெச்சிக்கங்க" என்றார்.

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. பஸ்ஸில் அடுக்கிய வசனங்களில் ஒன்றாவது சொல்லியிருக்கலாம். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் படிவத்தை எடுத்தேன். வலையில் ஆமை ஏதும் சிக்கியதா என்று கேட்டேன். அவர் மடியில் கிடந்த வலையில், ஓர் ஆள் தோளோடு நுழையக்கூடிய அளவுக்குப் புதிதாக வெட்டிய ஓட்டை இருந்தது. கத்தியால் வெட்டிய கண்ணிகள். எதையோ அவசரமாக வெளியே எடுத்து விட்டிருக்கிறார்கள், உயிரோடோ செத்தோ. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். மறைக்கவில்லை. ஊசியை எடுத்துப் பொத்திக்கொண்டே இருந்தார்.

"இல்ல எண்டு எழுதுங்க மிஸ். அதான் நம்ம ரெண்டு பேருக்கும் நல்லம்."

நான் எழுதினேன்.