குடை வைத்துக் காத்த இடம்

காமாட்சி அக்கா இறந்த செய்தி, கருமாதியும் முடிந்த பிறகுதான் எனக்குக் கிடைத்தது. பதுளை ஆஸ்பத்திரியின் சீனி வியாதி கிளினிக்கில், பக்கத்தில் வழக்கம்போல் குடையை வைத்து அவருக்கு இடம் பிடித்துக் காத்திருந்தேன். "யாருக்குங்க எடம்?" என்று அக்கா இருந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து வந்த ஒரு பெண் கேட்டார். பெயரைச் சொன்னேன். "அவங்க போய்ச் சேந்துட்டாங்களேம்மா. கருமாதியும் முடிஞ்சிருச்சு" என்றார். அப்போதும் நான் குடையை எடுக்கவில்லை.

அக்காவோடு தேயிலைக் கொழுந்து பறித்தவர்களுக்கும் அவருடைய லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவர்களுக்கும் நான் சொல்லித் தெரியவேண்டியது எதுவுமில்லை. நான் அவரை அறிந்தது கடைசிக் காலத்தில், மாதம் ஒரு காலைப்பொழுது மட்டும்.

எங்கள் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. முதல் பஸ்ஸில் வந்து, வாங்குப் பலகையில் குடையை வைத்துவிட்டுப் பிளேன்டீ குடிக்கப் போவது தோட்டத்து ஆட்களின் வழக்கம். துணிக்கடைக் கல்லாவுக்குப் பின்னாலேயே காலம் கழித்த எனக்கு அது எங்கே தெரியும்? யாரோ மறந்துவிட்ட குடை என்று கீழே இறக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். திரும்பி வந்த அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். "ஏங்க, குடை இருந்தா ஆளு இருக்குன்னு தெரியாதா?" எனக்கும் வாய் சும்மா இருக்காது. "குடைகிட்டயா கேட்டுட்டு உக்காரச் சொல்றீங்க?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். "சரி, தள்ளுங்க" என்று என்னை ஒட்டி உட்கார்ந்தார்.

கணவர் போன பிறகு, மகன் கொழும்போடு தங்கிவிட்ட பிறகு, என்னைத் தள்ளி உட்காரச் சொல்ல ஆளிருக்கவில்லை. வீடு முழுக்க இடம் கிடந்தது. இந்த வயதில் சிநேகிதம் தேடுவது வெட்கமான காரியம். என்னோடு பேசுவீர்களா என்று வாய்விட்டுக் கேட்க முடியுமா? அடுத்த மாதம் முந்திக்கொண்டு போய் அவருக்கு இடம் பிடித்து வைத்தேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது அப்படித்தான்.

'கடைக்காரம்மா' என்று கூப்பிட வேண்டாம், பேர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றேன். "பேரு சொல்ல வாய் வரலிங்க. தங்கச்சின்னு கூப்புடவா?" என்றார். மருந்து வாங்கிய பிறகும் எழுந்திருக்காமல் பேசிக்கொண்டிருப்போம். வீட்டில் வேலை இல்லையா அக்கா என்று சீண்டினால், "சும்மா உக்காந்திருக்கவும் தொணை வேணும்ல" என்பார்.

செய்தி கேட்ட மறுநாள் ஸ்பிரிங்வெளிக்குப் போனேன். மருமகள் பாயை விரித்துவிட்டு, "அத்தைக்கு நீங்க என்ன முறைங்க?" என்று கேட்டாள். துக்க வீட்டில் நியாயமான கேள்விதான். முறை இல்லாதவளுக்கு அங்கே அழ என்ன உரிமை?

"கிளினிக்ல... தங்கச்சின்னு கூப்பிடுவாங்க" என்றேன்.

அவள் வாயில் கைவைத்தாள். "கிளினிக்குத் தங்கச்சி நீங்களா! ஓயாம ஒங்க பேச்சுத்தாங்க. தங்கச்சின்னதும் யாரோ நர்ஸ் பொண்ணுன்னு நெனச்சோம். அதான் ஆளு அனுப்பல." இரண்டு பேரும் அழுதோம். திரும்பும்போது பஸ்ஸில் அக்கா மீது கோபம்கூட வந்தது. என் வயதைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இந்த மாதமும் குடை வைத்தேன். தெமோதரையிலிருந்து வந்த ஓர் அம்மா சுவரைப் பிடித்தபடி நின்றார். "ஆளு வருதுங்களா?" என்று கேட்டார். வரும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது 'தள்ளுங்க' என்ற அந்த ஒரு சொல்தான். யாரும் சொல்லாமலே குடையை எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன். அந்த அம்மா உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.