மூன்று முறை விரித்துப் பார்ப்பவர்

விரிக்கிறார், மடக்குகிறார், மீண்டும் விரிக்கிறார். மூன்றாம் முறையும் கம்பி சிக்காமல் திறந்தால்தான் குடையின் பிடியில் ஒரு நீல நூல் முடிச்சு விழும். முடிச்சு விழாத குடையை அவர் விற்பதில்லை. கம்பெனி முத்திரையைக் காட்டினால், "அவன் ஒட்டுனது அவனுக்கு" என்பார். தெருவே அவரைக் குடையம்மா என்கிறது. வயது எண்பத்தொன்று.

பேரம் பேசாமல் வாங்கிப் போகிறவரைக் கண்டால் அவருக்குச் சந்தேகம் கூடிவிடும். "ஒண்ணுமே கேக்காம போறானே, என்னவா இருக்கும்?" என்று வாங்கியவரின் முதுகு மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது சந்தேகம் ஒரு டாக்டர்மேல். மூன்று மாதமாகப் படி ஏறினால் மூச்சு இரைக்கிறது. போன வாரம் கடையிலேயே மயங்கி விழுந்தார். இதயத்திலிருந்து இரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டதாம். மார்பைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையை இந்த உடம்பு தாங்காது. மாத்திரை மூச்சிரைப்பைக் குறைக்கும், வால்வைத் திறக்காது. பலூனை விட்டு விரித்தால் சில மாதங்களில் பழையபடி ஆகிவிடும். மிஞ்சியது ஒரே வழி: தொடை இரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயை விட்டு, மடக்கிய புது வால்வை மேலே கொண்டுபோய், பழையதற்கு உள்ளேயே விரித்துவிடுவது. சும்மா விட்டால் இரண்டு வருடத்துக்குக்கூட உத்தரவாதம் இல்லை என்றும் டாக்டர் சொல்லிவிட்டார்.

"பழசக் கழட்டாமலே புதுசா? இது எந்த ஊரு நியாயம்?"

மகன் தலையில் அடித்துக்கொண்டார். "டாக்டர் படிச்சவரும்மா."

"படிச்சவங்கதான்டா வருஷத்துக்கு மூணு குடைய பஸ்ஸுல விட்டுட்டு வராங்க."

சம்மதப் படிவத்தை வாசித்துச் சொல்ல, பக்கத்து மருந்துக்கடையில் வேலை செய்யும் என்னையும் மகனோடு ஆஸ்பத்திரிக்குக் குடையம்மா அழைத்துப் போனார். என்னையும் நம்பவில்லை. வாசித்து முடித்ததும், "திரும்பப் படி பொண்ணே. ரெண்டாந்தடவையும் அதேதான் வருதான்னு பாக்கறேன்" என்றார்.

டாக்டர் மாதிரி வால்வு ஒன்றை எடுத்தார். கம்பி வலையைப் பனிக்கட்டித் தண்ணீரில் அமுக்கி மடக்கி, ஒரு குழாய்க்குள் செருகி, வெதுவெதுப்பான நீருக்குள் தள்ளினார். அது நிதானமாக விரிந்தது. குடையம்மா கண் இமைக்கவில்லை.

"இன்னொரு தடவ."

மூன்றாம் முறையும் விரிந்தது. உடனே பையிலிருந்து நூலை எடுத்து அதன் கம்பியில் முடிச்சுப் போட்டார். "சரி தம்பி, இதையே எனக்குப் போட்டுடுங்க."

"இது காட்டுறதுக்கு மட்டும்தான்மா. உங்களுக்கு வேற வரும், சீல் வெச்சு. அன்னிக்கு ஆபரேஷன் ரூம்லதான் பிரிப்போம்."

"நான் விரிச்சுப் பாக்காத சரக்கா?" படிவத்தை மடித்து மகன் கையில் திணித்துவிட்டு எழுந்தார். வாசலுக்கு நாலடிதான். இரண்டாவது அடியில் மூச்சு வாங்கியது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமலே நின்றார்.

"அதை யாரு விரிப்பா?"

"நான்தான்."

"கையக் காட்டுங்க."

டாக்டர் சிரித்தபடி நீட்டினார். குடையம்மா சிரிக்கவில்லை. "மூடுங்க. விரிங்க. இன்னொரு தடவ." மூன்று முறை. ஒவ்வொரு விரலையும் கண்ணருகே பிடித்து, நடுக்கம் இருக்கிறதா என்று தேடினார்.

பிறகு மேசைமேல் இருந்த மாதிரி வால்வின் முடிச்சை நகத்தால் அவிழ்த்து, அதே நீல நூலை டாக்டரின் வெள்ளைக் கோட்டுப் பொத்தானில் இறுக்கிக் கட்டினார்.