அப்பா இங்கதான்மா இருக்கேன்

போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை, மலாக்கா டவுனில் இது நடந்தது.

நான் மலாக்கா பக்கத்தில் ரெம்பியா என்ற ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். என் மகள் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்துப் பட்டம் வாங்கியவள். "அங்கிள், அக்கா எப்போ டீவில வருவாங்க?" என்று வேனில் வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். "வருவாங்க லா, பொறுங்க" என்பேன். ஆனால் படிப்பு முடிந்ததிலிருந்து அவள் துணிக்கடையில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

அப்புறம் டவுனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் நடிப்பு வேலை வந்தது. டாக்டருக்குப் படிக்கிற மாணவர்கள் நோயாளிகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் பேசிப் பழக வேண்டுமாம். அதற்கு நடிக்க ஆள் தேவை. முதல் நாள் நன்றாகச் செய்தால்தான் மறுபடி கூப்பிடுவார்கள்.

அன்று காலை நான்தான் அவளைக் கொண்டுபோய் விட்டேன். பதற்றத்தில் தண்ணீர்ப் போத்தலை வேனிலேயே மறந்துவிட்டாள். நோயாளியாகப் படுத்து இருமுகிற வேலை போலிருக்கிறது, தொண்டை காயுமே என்று எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

மூடிய கதவுக்குப் பின்னால் அவள் குரல். மலாயில் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று தமிழில் கதறினாள்.

"காலையிலதானே எங்கப்பா என்னை வேன்ல எறக்கி விட்டாரு! அவரு எப்படிச் சாவாரு?"

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

"அம்மாடி, அப்பா இங்கதான்மா இருக்கேன்!"

வெள்ளைக் கோட்டு போட்ட மாணவி, நீட்டிய டிஷ்யூவோடு அப்படியே உறைந்துபோனாள். என் மகள் கண்ணீரோடு என்னை முறைத்தாள். விபத்தில் அப்பா இறந்த செய்தியை மகளிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அன்றைய பாடமாம்! பாடம் நடத்திய டாக்டரம்மா எழுந்து வந்தார்.

"ஐயா, நீங்க உசுரோட இருக்கறது எங்களுக்கும் சந்தோஷம்தான். கொஞ்சம் வெளிய இருங்க."

போத்தலை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மதியம் மகள் வந்து வேனில் ஏறினாள். என்னால் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"வேணாம்னுட்டாங்களாம்மா?"

"அடுத்த வாரமும் வரச் சொன்னாங்க. உங்களைத்தான் கீழேயே இருக்கச் சொன்னாங்க லா!" என்று சிரித்துவிட்டாள்.

எனக்கு மூச்சு வந்தது. "எப்படிம்மா அப்படி அழுதே?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "காலையில நான் உள்ள போற வரைக்கும் வேனை எடுக்காம பாத்துக்கிட்டே இருந்தீங்கல்ல. அதை நெனச்சேன்."

இப்போது வேனில் பிள்ளைகள் கேட்டால், "அக்கா டாக்டருங்களுக்கே பாடம் சொல்லிக் கொடுக்கறாங்க" என்கிறேன். அன்று கதவுக்கு வெளியே நான் கேட்டது நடிப்புதான். ஆனால் அந்த அழுகைக்குள் இருந்த அப்பா நான்தான் என்று நினைக்கும்போது, இன்றும் வேனை ஓரமாக நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.